கயாக் ஓட்டித் தோள் பிடித்துக்கொண்டவர்கள் இங்கே வரவும்

2024 ஆகஸ்ட் 18, கேள்வி

நண்பர்களோடு சேர்ந்து மூன்று மாதமாகக் கயாக் (சின்னத் துடுப்புப் படகு) ஓட்டுகிறேன். போன வாரத்திலிருந்து வலது பக்கம், இறக்கை எலும்புக்கும் முதுகுத்தண்டுக்கும் நடுவில் ஒரே பிடிப்பு. சட்டை மாட்டக் கையைத் தூக்கினால் தோளின் முன்பக்கமும் சுளீர் என்கிறது. வயது 29. ஓய்வெடுத்தால் போய்விடுமா, இல்லை இந்த விளையாட்டே வேண்டாம் என்று விட்டுவிடலாமா? பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 18, இரவு

விடாதே தம்பி. எனக்கும் அதே இடம், அதே கை. வயது மட்டும் உன்னைவிடப் பதினேழு கூட.

நான் மலேசியாவில், சிலாங்கூர் பக்கம் பத்தாங் பெர்ஜுந்தைக்காரன். ஊர்ப் பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று இருக்கும், எங்கள் வாயில் அது இன்னும் நுழையவில்லை. செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலையில் ஃபிட்டர் வேலை. ஞாயிறு விடிந்ததும் ஈயம் தோண்டி விட்டுப்போன பழைய ஈயக் குட்டையில் படகை இறக்கினால் பத்து மணி வெயில் முதுகைச் சுடும்வரை கரை ஏறமாட்டேன். போன நவம்பரில் ஒரு திங்கட்கிழமை காலை மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் செய்ய முடியவில்லை. கை எழும்பவில்லை. இறக்கை எலும்பின் உள் ஓரத்தில், கட்டைவிரல் வைத்து அழுத்தினால் சரியாக அந்த இடத்தில், ஆணி அடித்த மாதிரி.

உன் சிக்கல், கையால் இழுப்பது. எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறோம். தோள் மூட்டைப் பிடித்து வைத்திருப்பவை நான்கு சின்னத் தசைகள். ரொட்டேட்டர் கஃப் என்பார்கள். எலும்பு குழியை விட்டு நகராமல் பார்த்துக்கொள்வதுதான் அவற்றின் வேலை. படகை இழுக்கிற வேலையையும் அவற்றின் தலையில் கட்டினால் எத்தனை நாள் தாங்கும்? அந்த வேலைக்கு முதுகும் வயிறும் இருக்கின்றன.

வலது பக்கம் துடுப்பைப் போடும்போது வலது தோள் முன்னால் போகவேண்டும், இடுப்பிலிருந்து உடம்பு திரும்பவேண்டும். அப்புறம் அந்த முறுக்கை அவிழ்த்துவிடு, கை கிட்டத்தட்ட நீட்டியபடியே இருக்கட்டும். கூடவே வலது காலால் மிதி. துடுப்பு உன் இடுப்புக்கு வந்ததும் தண்ணீரிலிருந்து எடுத்துவிடு. அதற்கு மேலும் இழுத்தால் முழங்கை முதுகுக்குப் பின்னால் போகும், தோளின் முன்பக்கம் மாட்டிக்கொள்ளும். அந்தச் சுளீர் அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன்.

நான் உடம்பைத் திருப்பப் பழகினேன், இரண்டு மாதத்தில் சரியாகிவிட்டது.

ஆகஸ்ட் 19

நேற்று ஒன்றை விட்டுவிட்டேன், காலையில் ஷிஃப்டில் நிற்கும்போது ஞாபகம் வந்தது. முதலில் எழுதியிருக்க வேண்டியதே இதுதான்.

மேல் முதுகு வலி எல்லாமே தசை வலி கிடையாது. நெஞ்சை அழுத்துகிற மாதிரி இருந்தால், மூச்சு வாங்கினால், வேர்த்துக் கொட்டினால், வலி இடது கைக்கோ தாடைக்கோ ஓடினால் உடனே ஆஸ்பத்திரி. நம் ஆட்கள் இதை "வாய்வு பிடிப்பு" என்று சொல்லி ஒரு சோடா குடித்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். எங்கள் தோட்டத்து லயத்தில் அப்படிப் படுத்த ஒருத்தர் எழுந்திருக்கவில்லை. அப்போது எனக்குப் பதினைந்து வயது.

விரல் மரத்துப்போனாலும், கையில் பிடித்த டம்ளர் நழுவினாலும், விழுந்த பிறகு தோளின் வடிவமே மாறித் தெரிந்தாலும், காய்ச்சலோடு வலித்தாலும் இங்கே வந்து கேட்டுக்கொண்டிருக்காதே. கிளினிக்குக்குப் போ.

ஆகஸ்ட் 21

கீழே ஒருத்தர் "ஒரு துடுப்புக்கும் இன்னொரு துடுப்புக்கும் என்ன பெரிய வித்தியாசம்" என்று கேட்டிருக்கிறார். நேற்று மாலை குட்டையில் எண்ணிப் பார்த்தேன். நிமிடத்துக்கு 40 தடவை துடுப்பு வலிக்கிறேன். ஒரு மணி நேரத்துக்கு 2400. என் பழைய அலுமினியத் துடுப்பு 1200 கிராம், இப்போது இருப்பது 900. முந்நூறு கிராம் என்பது இரண்டு ஆப்பிள். அந்த இரண்டு ஆப்பிளை ஒரு மணி நேரத்தில் 2400 தடவை தூக்கி இறக்கிப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

பிடியும் ஒரு காரணம். பயத்தில் துடுப்பை நெரிக்கிறோம். நெரித்தால் முன்கை இறுகும், தோள் காதுவரை ஏறும், கழுத்து பிடிக்கும். மேல்கை விரல்களைத் திறந்துவிட்டு உள்ளங்கையால் தள்ளினாலே போதும்.

(துடுப்பு வலிப்பதையும் உடம்பு வலிப்பதையும் தமிழில் ஒரே சொல்லாக வைத்தவன் கட்டாயம் படகோட்டியாகத்தான் இருந்திருப்பான்.)

ஆகஸ்ட் 25

18ஆம் தேதி எழுதியதில் பாதி பொய். வேண்டுமென்று சொன்ன பொய் இல்லை.

இன்று கூட வந்த நண்பரிடம் போனைக் கொடுத்து, பின்னாலிருந்து என்னைப் படம் எடுக்கச் சொன்னேன். உடம்பைத் திருப்புகிறேன் என்று பெரிதாக எழுதினேனே, படத்தில் திரும்புவது தலை மட்டும்தான். முதுகு நட்டுவைத்த பலகை மாதிரி அசையாமல் நிற்கிறது. முழங்கை மடிந்து மடிந்து பின்னால் போகிறது, தையல் மிஷினில் ஊசி ஏறி இறங்குவது போல. பார்க்கவே வெட்கமாக இருந்தது.

காரணம் இருக்கையில் இருந்தது. சாயும் பட்டை இறக்கை எலும்புவரை உயரமாக இருக்கிறது, நான் சோபாவில் உட்கார்ந்த மாதிரி அதில் சாய்ந்துகொண்டிருக்கிறேன். சாய்ந்தால் முதுகு எப்படித் திரும்பும்? பட்டையை இடுப்பளவுக்கு இறக்கினேன், கால்வைக்கும் கட்டையை ஒரு பல் என் பக்கமாக இழுத்தேன், முட்டி கொஞ்சம் மடிந்தபடி நின்றது. பத்து நிமிடத்தில் விலாப் பக்கம் எரிய ஆரம்பித்தது. சரி, இப்போதுதான் சரியான இடம் வேலை செய்கிறது.

அப்படியென்றால் இரண்டு மாதத்தில் எனக்கு எது சரியாக்கியது? பிப்ரவரியில் ஆலையில் ஓவர்டைம் அதிகம். ஏழு வாரம் படகு பக்கமே போகவில்லை. ஓய்வு சரியாக்கியதை நான் என் திறமை என்று கணக்கில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 27

முதலை இருக்கிறதா என்று கேட்டவருக்கு: குட்டையில் நான் பார்த்ததில்லை. கோல சிலாங்கூர் பக்கம் ஆற்றில் இறங்குவதாக இருந்தால் ஊர்க்காரர்களைக் கேட்டுவிட்டு இறங்குங்கள். தோள் வலிக்கு அது மருந்து ஆகாது.

கோடாலித் தைலம் பற்றிக் கேட்டவருக்கு: தேய்த்தால் சுகமாக இருக்கும். வீடே மணக்கும். அவ்வளவுதான்.

செப்டம்பர் 8

அப்பா கதையைச் சொல்லாமல் இந்த இழை முடியாது போலிருக்கிறது.

அப்பாவுக்கு 73. முதலில் கித்தா (ரப்பர்) வெட்டினார், காண்டாக் கம்பில் பால் வாளி இரண்டைத் தொங்கவிட்டுத் தோளில் சுமந்தவர். தோட்டம் செம்பனைக்கு மாறியதும் குலை வெட்டப் போனார். செம்பனை வளர வளர வெட்டுகிறவனின் கம்பும் நீளும். நுனியில் அரிவாள் கட்டிய அலுமினியக் கம்பை அண்ணாந்து பிடித்து, மட்டையை அறுத்து, குலையை அறுத்து, விழும்போது ஒதுங்கவும் வேண்டும். ஒரு குலை பத்துக் கிலோவும் இருக்கும், இருபத்தைந்தும் இருக்கும்.

நேற்று மாலை வாசலில் உட்கார்ந்து தோளை உருட்டிக்கொண்டிருந்தேன். என்ன என்றார். சொன்னேன். படகு விடுவதெல்லாம் அவருக்கு வேலையற்றவன் வேலை, ஆனால் வலி என்றால் காது கொடுப்பார். துடுப்பை எடுத்து எப்படி இழுக்கிறேன் என்று காட்டினேன். சிரித்தார்.

"கைய மடக்குறியே, ஒன் கைக்குப் பயந்தா குலை விழும்?"

எழுந்து போய், துணிக்கொடிக்கு முட்டுக் கொடுத்திருந்த மூங்கிலை உருவினார். துணியெல்லாம் மண்ணில். உள்ளேயிருந்து அம்மா சத்தம் போட்டார், அப்பா திரும்பவில்லை. மூங்கிலின் கவட்டையை முருங்கைக் கிளையில் மாட்டினார். இரண்டு கையும் நீட்டியபடி. ஒரு காலைப் பின்னால் வைத்து, நாற்காலியில் உட்காரப் போகிறவர் மாதிரி இடுப்பைக் கீழே இறக்கினார். கிளை படக்கென்று ஒடிந்து வந்தது. முழங்கை மடியவே இல்லை. அந்த எடை முழுவதும் உடம்பிலிருந்து வந்தது, கை வெறும் கொக்கிதான்.

முப்பது வருடம் பக்கத்தில் இருந்தும் இதைக் கவனிக்கவில்லை.

ஆனால் இதோடு நிறுத்தினால் கதை அழகாக முடிந்துவிடும், உண்மை அப்படி இல்லை. அப்பாவின் இடது கை காதுக்கு மேலே எழும்பாது. பத்து வருடமாகத் தலை வாருவது வலது கையால் மட்டும். "இவ்வளவு சரியா வெட்டத் தெரிஞ்சும் ஏன் போச்சு?" என்று கேட்டேன். "ஒரு நாளைக்கு நூறு குலைடா. எந்தத் தோள்தான் நிக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஆக முறை சரியாக இருந்தாலும் அளவு என்று ஒன்று இருக்கிறது. முறை தெரிந்தவன் கொஞ்சம் தாமதமாக அடிபடுவான்.

செப்டம்பர் 22

உருவி விடுகிறவரிடம் போகலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நானும் போனவன்தான், அதனால் சொல்கிறேன்.

போன டிசம்பரில் ஒருத்தரிடம் போனேன். ஊரும் பேரும் வேண்டாம். நரம்பு பிசகியிருக்கிறது என்றார், முழங்கையை இறக்கை எலும்புக்குக் கீழே வைத்து ஏறி நின்ற மாதிரி அழுத்தினார். எழுந்தபோது லேசாக இருந்தது. இரவு இரண்டு மணிக்கு அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை. மெதுவாகத் தடவி விடுவது வேறு, சூடு ஏறும், தசை தளரும், அதைக் குறை சொல்லமாட்டேன். புதிதாகக் கிழிந்த தசையை ஏறி மிதிப்பது வேறு.

அப்புறம் ஒரு தனியார் கிளினிக். இரண்டு நிமிடம், வலி மாத்திரை, 65 வெள்ளி (ரிங்கிட்). தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அந்த மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டு வயிறும் எரிந்தது, அது என் தப்பு.

கடைசியில் அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி வரிசையில் நின்றேன். காத்திருந்தது பாதி நாள், ஆனால் அங்கே இருந்த டாக்டரம்மா சட்டையைக் கழற்றச் சொல்லி இரண்டு தோளையும் பின்னாலிருந்து பார்த்தார். கையைப் பக்கவாட்டில் மெதுவாகத் தூக்கச் சொன்னார். 60 பாகைவரை ஒன்றுமில்லை. அங்கிருந்து 120வரை வலி, அதற்கு மேலே போனதும் வலி குறைந்தது. தசைநாண் (தசையை எலும்போடு கட்டும் நார்) எலும்புக்கு அடியில் உரசினால் இப்படி நடுவில் மட்டும் வலிக்குமாம். பிறகு கையைத் தளர விடச் சொல்லி அவரே தூக்கினார். முழுக்கத் தூக்க முடிந்தது.

அதுதான் முக்கியம் என்றார். நாம் தூக்கினாலும் ஏறவில்லை, அடுத்தவர் தூக்கினாலும் ஏறவில்லை என்றால் மூட்டே இறுகிவிட்டது, அது உறைந்த தோள். கையை வெளிப்பக்கம் திருப்புவதுதான் முதலில் போகும். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு அது அதிகம் வரும், சரியாக ஒன்றிலிருந்து மூன்று வருடம்கூட ஆகும். நம் வீடுகளில் சர்க்கரை இல்லாத வீடு எது? ஆகவே நாற்பது தாண்டியவர்கள் கயாக் மேல் பழி போடுவதற்கு முன்னால் ஒரு தடவை இரத்தத்தைப் பாருங்கள். தோளில் ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில நாளுக்குச் சர்க்கரை ஏறும், அதையும் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லையே என்று எழுதியிருக்கும் அக்காவுக்கு: எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும். தசைநாண் கிழிந்திருக்கிறதா என்று பார்க்க ஸ்கேன் வேண்டும்.

அக்டோபர் 6

பயிற்சி கேட்டு நச்சரிக்கிறீர்கள். எனக்குச் சொல்லிக்கொடுத்ததை எழுதுகிறேன், உங்கள் தோளுக்கு உங்களைப் பார்த்தவர் சொல்வதுதான் சட்டம்.

எனக்கு அதிகம் உதவியது ரப்பர் பட்டை. ஒரு முனையைக் கதவுக் கைப்பிடியில் கட்டு. முழங்கையை விலாவோடு ஒட்டி, நடுவில் ஒரு சின்னத் துண்டை மடித்துச் சொருகு, துண்டு கீழே விழக்கூடாது. முன்கையை மட்டும் வெளிப்பக்கம் திருப்பு, மெதுவாகத் திரும்ப விடு. திரும்ப விடுவதுதான் பயிற்சி, அதை அவசரப்படுத்தினால் செய்ததே வீண். பதினைந்து தடவை, இரண்டு சுற்று. முதல் வாரம் இது ஒரு பயிற்சியா என்று இருந்தது. மூன்றாம் வாரம் பட்டையை மாற்றிக் கெட்டியானது வாங்கினேன். அப்பா பார்த்துவிட்டு, "நான் வெட்டின கித்தாவ நீ இழுக்கிற" என்றார்.

இன்னொன்று, துண்டைச் சுருட்டி மேல் முதுகுக்குக் குறுக்கே வைத்து மல்லாந்து படுப்பது. ஆலையில் குனிந்து குனிந்து என் முதுகு கூன்போட்டு உறைந்திருந்தது. அது திரும்பாதபோது, திரும்பவேண்டிய பாக்கியைத் தோள் கட்டுகிறது. பட்டையைப் பிடித்து இறக்கை எலும்புகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பின்னால் இழுப்பதும் உண்டு. மற்றதெல்லாம் எனக்குச் சோம்பல்.

செய்யும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலையில் முந்தைய நாளைவிட அதிகமாக வலித்தால் பாதியாகக் குறை.

நவம்பர் 3

தீபாவளிக்கு மறுநாள் மறுபடியும் பிடித்துக்கொண்டது. முறுக்கு பிழிந்ததால் என்று மனைவி சொல்கிறார். பிழிந்தது இருபது நிமிடம், அதுவும் இடது கையால்.

யோசித்துப் பார்த்தேன். தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு தனியாகப் போயிருந்தேன். திரும்பும்போது படகைத் தனியாகவே மைவி காரின் கூரைமேல் ஏற்றினேன். 27 கிலோ பிளாஸ்டிக், ஈரத்தோடு. தலைக்கு மேலே தூக்கி, ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மறு கையால் பட்டையைத் தேடி எட்டினேன். அப்போது தோளுக்குள் ஏதோ ஒன்று இடம் மாறியது போல் இருந்தது. அடுத்த நாள் முழுக்க அதைப் பற்றி நினைக்கவே இல்லை.

போன வருடம் நவம்பரிலும் தனியாகத்தான் ஏற்றிக்கொண்டிருந்தேன். கூட வருகிற நண்பர் அந்த மாதம் ஊரில் இல்லை.

முதல் குறிப்பிலிருந்து இன்றுவரை துடுப்பு, பிடி, இருக்கை என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அவை தப்பில்லை, வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எனக்கு அடிபட்டது தண்ணீரில் இல்லை போலிருக்கிறது, கார் பக்கத்தில். தம்பி, நீ படகை எப்படி ஏற்றுகிறாய்?

நவம்பர் 4

கேட்டது நல்லதாகப் போயிற்று. அவனும் தனியாகத்தானாம். ஹைலக்ஸ் பிக்கப் வண்டி, இன்னும் உயரம்.

பழைய கம்பளத்தைக் கார் பின்கண்ணாடிமேல் போட்டு, படகின் மூக்கை மட்டும் தூக்கிச் சாய்த்து, பின்னாலிருந்து தள்ளிவிடு. தரையிலும் இழுத்துப்போகச் சின்னச் சக்கரம் கிடைக்கும். ஆள் கிடைத்தால் எதுவும் வேண்டாம். ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்தால் வருவான்.

நவம்பர் 24

"மூட்டு கழன்றால் நாமே போட்டுவிடலாமாமே, படத்தில் எல்லாம் சுவரில் மோதிப் போடுகிறார்களே" என்று ஒருத்தர். கூடாது.

கோலகுபு பாரு பக்கம் ஓடும் தண்ணீரில் ஒரு நண்பருக்குக் கழன்றதைக் கரையிலிருந்து பார்த்தேன். படகு சாய்ந்தது, விழாமல் இருக்கத் துடுப்பைத் தலைக்கு மேலே கொண்டுபோய்ப் பின்பக்கமாக ஊன்றினார். தண்ணீர் துடுப்பை இழுத்தது, கை அதோடு போனது. எலும்பு முன்பக்கமாக நழுவிவிட்டது, பெரும்பாலும் அப்படித்தான் நழுவுமாம். சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லை, அவருக்குக் கேட்டதாம். தோளின் உருண்டை இருந்த இடத்தில் ஒரு பள்ளம்.

யாரும் இழுக்கவில்லை. மடித்த துண்டைக் கக்கத்தில் வைத்து, கையை உடம்போடு சேர்த்துச் சாரத்தால் கட்டி, நேரே ஆஸ்பத்திரி. நரம்பும் இரத்தக்குழாயும் அங்கேதான் ஓடுகின்றன, எலும்பு உடைந்திருக்கிறதா என்பதும் வெளியே தெரியாது. மேல்கையின் வெளிப்பக்கம் மரத்திருந்தால் மறக்காமல் டாக்டரிடம் சொல்லவேண்டும். வயது குறைந்தவர்களுக்கு ஒரு தடவை கழன்றால் மறுபடி கழலும் வாய்ப்பு அதிகம், கட்டு அவிழ்த்ததும் குதிக்கக்கூடாது.

தடுக்க ஒரே வழிதான். இரண்டு கையும் எப்போதும் நெஞ்சுக்கு முன்னால், கண்ணுக்குத் தெரிகிற இடத்தில். பின்னால் ஏதாவது செய்யவேண்டுமா, உடம்பைத் திருப்பி நெஞ்சையே அந்தப் பக்கம் கொண்டுபோ. ஊன்றினால் முழங்கை மேலேயும் துடுப்பு கீழேயும் இருக்கட்டும். முடியாவிட்டால் கவிழ்ந்துவிடு. லைஃப் ஜாக்கெட் எதற்குப் போட்டிருக்கிறாய்? ஜாக்கெட் இல்லாமல் ஈயக் குட்டையில் இறங்குபவர்களோடு நான் பேசுவதில்லை, கரையிலிருந்து இரண்டடி போனால் ஆழம் தெரியாது.

2025 பிப்ரவரி 13

டிசம்பர், ஜனவரி மழையில் படகு வீட்டுக்குப் பின்னால் கவிழ்ந்து கிடந்தது. பட்டையை மட்டும் இழுத்தேன், விட்டு விட்டு.

முந்தாநாள் தைப்பூசம். மகள் தேர்வுக்காக மனைவி வேண்டிக்கொண்ட பால்குடம், எடுத்தது நான். பத்துமலையில் 272 படி. குடத்தைத் தலையில் வைத்து இரண்டு கையாலும் பிடித்தால் கை காதுக்கு மேலே இருக்கும், அந்த 120 பாகையைத் தாண்டி. ஏறும் கூட்டத்தில் ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று போகவேண்டும். நூறாவது படியில் தோளைக் கவனித்தேன், ஒன்றுமில்லை. இருநூறாவது படியில் ஒன்றுமில்லை. மேலே போய்க் குடத்தை இறக்கும்போதுதான் தெரிந்தது, முட்டி இரண்டும் போய்விட்டது.

முட்டிக்குத் தனி இழை ஆரம்பிக்கமாட்டேன்.

மார்ச் 2

தம்பி செய்தி அனுப்பியிருந்தான். ஆறு வாரம் பட்டை இழுத்தானாம், படகை இரண்டு பேராக ஏற்றுகிறானாம், சட்டை வலியில்லாமல் மாட்ட முடிகிறது. நீள ஓட்டம் மட்டும் இன்னும் முடியவில்லை, ஒரு மணி நேரம் தாண்டினால் பழைய இடத்தில் முனகுகிறதாம். முனகினால் கரைக்கு வந்துவிடு என்று எழுதினேன். நானும் அப்படித்தான் வருகிறேன்.

இன்று காலை அப்பாவைக் குட்டைக்குக் கூட்டிப் போனேன். படகில் ஏறமாட்டேன் என்றுவிட்டார். புதுத் துடுப்பை மட்டும் வாங்கி, நடுவில் ஒரு விரலால் தாங்கி, எடை பார்த்தார்.

"எவ்வளவு?"

"480 வெள்ளி."

ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கார் நிழலில் போய் உட்கார்ந்தார்.